பதினேழாம் எண்

பிப்ரவரியில் மட்டும் பதினொரு கூண்டுகள் செவிடாயின.
ரிசீவரின் மூடியைத் திருகினால்
உள்ளே இரண்டு வயர்முனைகள்,
பல் பிடுங்கிய ஈறு போல.
வாய்ப்பக்கம் அப்படியே இருந்தது,
கரித்தூள் அடைத்த வாய் யாருக்கு வேண்டும்.
காதுக்குமிழைத்தான் கொண்டுபோனார்கள்.

இரண்டு கோபெக் போட்டு எண்ணைச் சுழற்றினால்
நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும்.
அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது.
சிஸ்ரன் நகரத்தில் அந்தக் குளிர்காலம் முழுக்க
ஆட்கள் கண்ணாடிக்குள் நின்று
பதில் வந்ததா என்றே தெரியாமல் பேசினார்கள்.
"மீன் வாங்கிட்டேன். கேக்குதா? மீன்."
"தப்பு என்னுடையதுதான்...
வெச்சிட்டியா?"

நான் கப்பித்தோலினா, தொலைபேசி நிலையத்துப் பழுதுக்காரி.
பையில் திருப்புளி, காசுப்பெட்டிச் சாவி,
தேநீர்க் குடுவை, படிவம்.
படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
உறைபனி என்று எழுதினேன்.

மார்ச்சில் ஊசியெடுத்து
புதுக் குமிழ் ஒவ்வொன்றின் முதுகிலும் எண் கீறினேன்.
ஒன்று, ரயில் நிலையம்.
ஒன்பது, ரொட்டிக்கடை.
பதினேழு, பிரசவ விடுதியின் வாசல்.
பதினேழு மூன்று நாள் இருந்தது.

நான்காம் நாள் காலை
யெவ்சேய் என்ற வெல்டர் கூண்டில் சாய்ந்து நின்றான்,
புருவமெல்லாம் பனி.
இரவு இரண்டிலிருந்து விடுதிக்கே போன் போட்டிருக்கிறான்.
உள்ளே எடுத்தவள் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறாள்:
பெண் குழந்தை, மூன்று கிலோ இருநூறு, தாய் தூங்குகிறாள்.
"யாருமே எடுக்கலைன்னு கொஞ்ச நேரம் நினைச்சேன்.
எடுத்துட்டாங்க, சொல்லத் தயங்குறாங்கன்னு
மீதி நேரம்."
கையில் காசு தீர்ந்திருந்தது.

சனிக்கிழமை பேரிங் தொழிற்சாலை மன்றத்தில் நடனம்.
என் தங்கைக்குத் துணையாகப் போனேன், ஆட இல்லை.
மேடையில் ரவீல், காதுமடல் சிவந்த பையன்.
கட்டிலின் தலைப்பலகையில் அறுத்த கிட்டார்.
கம்பிகளுக்குக் கீழே, பிசின் வழிய ஒட்டி,
என் குமிழ்கள் இரண்டு.

தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டால்
காந்தத்தின் எதிரே அசைகிற இரும்பு எதுவோ
அதுவே தகடு.
கம்பி அசைந்தது. சுருள் அதை அறிந்தது.
சினிமாக் கொட்டகையின் பழைய ஒலிபெருக்கி
அதை எங்கள் மேல் கொட்டியது.
பதினான்கு வருடமாக
இது பேசுகிற சாமான் என்று நினைத்திருந்தேன்.
கேட்கவும் தெரிந்திருக்கிறது அதற்கு.

பொய் சொல்ல மாட்டேன்.
தடித்த கம்பியை அவன் தட்டியபோது
சரக்கு ரயில் பாலமேறுகிற மாதிரி
என் முழங்காலுக்குள் ஏதோ ஏறியது.
இரண்டு பாட்டு வரை சும்மா நின்றேன்.
அதற்காக யெவ்சேயிடம் இன்றும் கொஞ்சம் கூச்சம்.

இடைவேளையில் கிட்டாரைக் கேட்டு வாங்கினேன்.
குமிழின் முதுகு தெரியப் பலகையில் ஓட்டை போட்டிருந்தான்.
பதினேழு.
"எந்தக் கூண்டு தெரியுமா?"
"இருட்டா இருந்துச்சு, அத்தை."
மூன்று கிலோ இருநூறு கதையைச் சொன்னேன்.
அவன் வாதாடவில்லை. குறடு எடுத்தான்.
மிச்ச நடனம் மூன்று கம்பியில் நடந்தது.
பாஸ் எங்கே என்று யாரோ விசிலடித்தார்கள்.

திங்கட்கிழமை பதினேழை, புதுத்தகடு போட்டு,
அதன் இடத்திலேயே திருகினேன்.

அதற்குப் பிறகுதான் அலமாரியின் அடித்தட்டு ஞாபகம் வந்தது.
கழித்துக் கட்டிய குமிழ்கள், ஒரு காலணிப் பெட்டி நிறைய.
எல்லாம் தகடு வளைந்து செத்தவை.
காந்தத்துக்கு ஒன்றுமில்லை, சுருளுக்கு ஒன்றுமில்லை.
எது கெட்டதோ
அதைத்தான் அவன் முதலில் வீசுவான்.
பெட்டியை மன்றத்தின் பின்கதவில் வைத்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

ஆனால் ரவீலுக்கு நண்பர்கள் இருந்தார்கள்,
நண்பர்களுக்கும் கட்டில்கள் இருந்தன.
மேலாளர் தெரெந்தி சவேலியெவிச்
கோடைப் படிவங்களை விரித்து வைத்துக்கொண்டு
கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.
"ஜூலையிலும் உறைபனியா, கப்பித்தோலினா?"

யோசித்தேன். பேனாவை வாங்கி
அடித்துவிட்டு எழுதினேன்:
ஈரம்.